நாற்பதாம் அளவு

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அடையாள அட்டையில் அது பத்திரமாகத் தூங்குகிறது, யாரும் எழுப்புவதில்லை. பட்டறையில் அவர் பெயர் நாற்பது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதை வயது என்று நினைத்துக்கொண்டு ஆளை ஏற இறங்கப் பார்ப்பார்கள். "நாற்பதா? தாராளமா அம்பத்தஞ்சு சொல்லலாமே" என்று தங்களுக்குள் கிசுகிசுப்பார்கள். வயது ஐம்பத்து நான்கு. நாற்பது என்பது அவருடைய மார்பளவு.

பட்டறை என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பழைய அச்சகக் கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடி. நீளமான வெட்டு மேசை, எட்டுத் தையல் மெஷின்கள், தோல் அடுக்கி வைக்கும் மரத் தட்டுகள், சன்னலோரம் பேக்கிங் மேசை. இங்கே தைப்பது தோல் ஜாக்கெட். அதுவும் இன்றைக்குக் கடையில் தொங்குகிற ஜாக்கெட் இல்லை. தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் போட்டுக்கொண்டதை, தையலுக்குத் தையல், பட்டைக்குப் பட்டை, அதே மாதிரி மறுபடி செய்வதுதான் இவர்கள் பிழைப்பு.

அந்த ஜாக்கெட் இடுப்போடு நின்றுவிடும். அந்தக் காலத்தில் கால்சட்டையைத் தொப்புளுக்கு மேலே ஏற்றிப் போட்டார்கள். காற்று உள்ளே புகாமலிருக்க ஜிப் குறுக்கே சாய்வாக ஓடும். போட்டவன் எந்நேரமும் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தான் என்பதால் ஜாக்கெட்டின் கைகள் முழங்கையருகில் கொஞ்சம் வளைந்தே இருக்கும். அக்குள் வெட்டு நன்றாக மேலே ஏறியிருக்கும்; அது ஒரு விரல் இறங்கிப்போனாலும், கையைத் தூக்கும்போது ஜாக்கெட்டே கூடச் சேர்ந்து தூக்கிக்கொண்டு வரும். இதற்காகவே பைத்தியமாக அலைகிற ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். அவர்களில் பாதிப் பேரிடம் மோட்டார் சைக்கிள்கூடக் கிடையாது.

இருபது வருஷத்துக்கு முன்னால் முதலாளியம்மா ஒரு ஏலத்தில் அசல் ஜாக்கெட் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஓரமெல்லாம் வெளுத்து, உள்ளே யாருடைய வியர்வைக் கறையோ படிந்தது. அதைப் பிரித்து, தோல் வெட்டுவதற்கான அட்டை மாதிரியை, அதாவது பேட்டர்னை, எடுப்பதற்கு முன்னால், உடம்பில் எப்படி உட்காருகிறது என்று ஒருமுறையாவது பார்த்தாக வேண்டும். மெஷின்காரர்கள் ஒவ்வொருவராகப் போட்டுப் பார்த்தார்கள். ஒருவருக்குத் தோள் தொங்கியது. ஒருவருக்கு ஜிப் பாதி வழியில் நின்றது. இன்னொருவருக்குக் கை விரல்நுனி வரைக்கும் வந்தது. பேக்கிங் மேசையில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவரை யாரோ விளையாட்டாகக் கூப்பிட்டார்கள். வந்தார், போட்டார், ஜிப்பை இழுத்தார். அவருக்கென்றே தைத்தது போல உட்கார்ந்தது. பேட்டர்ன் மாஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அவரை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார்.

"அசையாதே" என்றார் கடைசியில்.

லைனிங் தைக்கும் மேசையிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "எவனோ ஒருத்தன் சாகறதுக்கு முன்னாடி எம் புருஷன் அளவைத் திருடிட்டுப் போயிருக்கான் பாருங்க."

பட்டறையே சிரித்தது. சொன்னது அவருடைய மனைவி. அந்த இடத்தில் ஜாக்கெட்டுகளின் உட்புறமெல்லாம் அவள் கைதான். அன்றிலிருந்து அவர் நாற்பது ஆனார்.

மாஸ்டரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. அவருக்கு டேப் ஆகாது. "டேப்பு உடம்பை முழம் போடும், அவ்வளவுதான். துணி எங்க தொங்குதுன்னு அதுக்குத் தெரியுமா?" என்பார். வருஷத்துக்கு இரண்டு முறை புதுத் தோல் வரும். ஒரு தோல் விறைப்பாக இருக்கும், இன்னொன்று தளர்ந்து கிடக்கும். ஒரே பேட்டர்னில் வெட்டினாலும் இரண்டும் உடம்பில் ஒரே மாதிரி உட்காராது. அதனால் ஒவ்வொரு முறையும் முதல் சாம்பிளை நாற்பதின் மேல் போட்டுப் பார்ப்பார். எங்கே தொளதொளப்போ அங்கே குறைத்து, எங்கே பிடிக்கிறதோ அங்கே விட்டு, புது அட்டையில் பேட்டர்ன் வெட்டுவார். நாற்பதாம் அளவு சரியாகிவிட்டால் அதிலிருந்து கூட்டியும் குறைத்தும் மற்ற அளவுகளைப் போட்டுக்கொள்ளலாம். முப்பத்தாறிலிருந்து ஐம்பது வரை எல்லா அளவுக்கும் தாய் அந்த ஒரு உடம்புதான்.

போட்டுப் பார்க்கிற அந்த ஒரு மணி நேரம் பார்க்க வேடிக்கையாக இருக்கும். தோலில் ஊசி குத்தினால் ஓட்டை அப்படியே நின்றுவிடும் என்பதால், துணி உலர்த்தும் கிளிப்புகளைத்தான் மாட்டுவார் மாஸ்டர். முதுகிலும் விலாவிலுமாக இருபது கிளிப்புகளோடு நாற்பது நிற்பார். எதிரே இரண்டு நாற்காலிகளின் முதுகில் ஒரு துடைப்பக் கட்டை குறுக்கே கிடக்கும். அதுதான் ஹேண்டில். "ஓட்டு" என்பார் மாஸ்டர். நாற்பது கட்டையைப் பிடித்துக்கொண்டு குனிவார். "இடது பக்கம் திரும்பு. ம். இப்ப பிரேக்கு." லைனிங் மேசையிலிருந்து, "மெதுவா போங்க, பின்னாடி நான் உக்காந்திருக்கேன்" என்று குரல் வரும். பதினேழு வருஷம் இந்த ஒரே ஜோக்குக்குப் பட்டறை சிரித்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் இறந்துபோனாள். காய்ச்சல் என்று ஆரம்பித்தது, ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தாள், பன்னிரண்டாவது நாள் இல்லை. அவள் போன ஐந்தாவது நாளே அவர் வேலைக்கு வந்துவிட்டார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர் நேராகப் பேக்கிங் மேசைக்குப் போய், ஜாக்கெட் கைகளுக்குள் காகிதத்தைச் சுருட்டித் திணிக்க ஆரம்பித்தார். அழுகை வரவில்லை. என்றைக்காவது வரும் என்று ஒரு மாதம் காத்திருந்தார். பிறகு காத்திருப்பதையும் விட்டுவிட்டார்.

துக்கம் என்று சொல்ல முடியாது அதை. துக்கம் இருந்தால் வலிக்குமே. பல் பிடுங்குகிறபோது மரத்துப்போவதற்கு ஊசி போடுவார்களே, அந்த ஊசி உடம்பு முழுக்க ஏறியது போலத்தான் இருந்தது. காலையில் எழுந்தார், டீ குடித்தார், பஸ் ஏறினார். சாயங்காலம் ஒரு ரொட்டிப் பொட்டலம் வாங்கினார். பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கத்தில் நின்றுகொண்டே இரண்டு துண்டு தின்றார். மீதி பச்சைப் பூசணம் பிடிக்கும். அதைக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்த பொட்டலம் வாங்குவார். அடுப்பைப் பற்றவைக்க அவருக்குத் தெரியாமல் இல்லை. எதற்கு என்றுதான் தெரியவில்லை.

ஒரே மகள். கல்யாணமாகி இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருக்கிறாள். வீட்டில் ஒரு கைக்குழந்தை, ஆஸ்பத்திரியில் ஷிப்டு வேலை. நினைத்தபோது கிளம்பி வர முடியாது. ஆனால் போன் தவறாது.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"என்ன சாப்பிட்டீங்க?"

"வழக்கம்போலத்தான்."

பொய் சொல்கிறோம் என்ற உணர்ச்சியே அவருக்கு இல்லை. கேள்வி வந்தால் பதில் வர வேண்டும், அந்தப் பதில் கைவசம் தயாராக இருந்தது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவளே வருவாள். பட்டறையில் போலவே வீட்டிலும் எப்போதும் கனமான ஒரு பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருமுறை, "முகமெல்லாம் ஒட்டிப்போச்சே அப்பா. எளைச்சுட்டீங்களா?" என்று கேட்டாள்.

"எளைக்கறதா? போன வாரம்தான் புதுச் சாம்பிள் போட்டுப் பார்த்தாங்க. அப்படியே ஒட்டுது. நாற்பதுன்னா நாற்பதுதான். வேணும்னா மாஸ்டரைக் கேளு."

அவள் பட்டறையில் வளர்ந்த பெண். பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மாவின் மேசைக்கடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள். மாஸ்டர் கண்ணுக்கு ஒரு நூல் தப்பாது என்பது அவளுக்கு மனப்பாடம். நாற்பதாம் அளவு அப்பாவுக்குச் சரியாக இருக்கிறதென்றால் அப்பா சரியாகத்தான் இருக்கிறார். அவள் நம்பிவிட்டாள். சொல்லப்போனால் அவரும் அதை நம்பித்தான் சொன்னார்.

இந்த மூன்று வருஷத்தில் ஆறு முறை புதுத் தோல் வந்தது. ஆறு முறையும் மாஸ்டர் விலாப்பக்கம் விரலை விட்டுப் பார்த்து, உச்சுக்கொட்டினார். "இந்தத் தோலு ரொம்பத் தளர்ச்சி. பதப்படுத்தறவன் என்ன பண்றானோ தெரியல" என்று சொல்லி அரை அங்குலம், சில முறை அதற்கு மேலும் குறைத்தார். அடுத்த முறையும் அதே கதை. தோல்காரருக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தார். அந்த மனுஷன் சத்தியம் செய்தும் எடுபடவில்லை. தோல் வேலை செய்கிறவர்களுக்கு எது நடந்தாலும் தோலின் மேல்தான் சந்தேகம் வரும். தன் இடுப்பு பெல்ட் தளர்ந்தபோது நாற்பதும் அப்படித்தான் நினைத்தார். பெல்ட் இழுபட்டுவிட்டது என்று, தோலில் துளை போடும் பட்டறைப் பஞ்ச் கருவியை எடுத்து ஒரு ஓட்டை போட்டுக்கொண்டார். பிறகு இன்னொன்று. இப்போது நான்கு.

சாம்பிள் போட்டுப் பார்க்கிற அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவருக்கு வேண்டியிருந்தது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மாஸ்டரின் கை தோளில் விழும், முதுகுத்தண்டு வழியாக இறங்கும், அக்குளுக்கடியில் நுழையும். "தூக்கு... இறக்கு... மூச்சை விடு." வருஷம் முழுவதிலும் இன்னொரு மனுஷன் கை அவர் மேல் படுகிற நேரம் அது ஒன்றுதான். துடைப்பக் கட்டையைப் பிடித்துக் குனியும்போது, பின்னாலிருந்து குரல் வராத அந்த இடைவெளியை அவரால் கேட்க முடிந்தது. அது வலிக்கவில்லை. ஆனால் ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்று தெரிந்தது. அந்த ஒரு மணி நேரமும் இல்லையென்றால் அப்புறம் எதற்காக பஸ் ஏறுவது என்று அவருக்கே தெரியாது.

இதற்கிடையில் வாங்கினவர்களிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கியிருந்தன. பிடிக்கிறது, ஜிப் ஏறவில்லை, மூச்சு முட்டுகிறது. முதலாளியம்மா கைவசம் ஒரு பதில் வைத்திருந்தார்: இது அந்தக் காலத்து அளவு, அந்தக் காலத்தில் ஒடுக்கமாகத்தான் போட்டார்கள், ஒரு மாதம் போட்டுப் பழகினால் தோல் இளகிக்கொடுக்கும். கேட்டவர்கள் வெட்கப்பட்டு அடங்கிப்போனார்கள். சிலர் நன்றி சொல்லிக்கூட எழுதினார்கள். அசல் மாதிரியே மூச்சு முட்டுகிறதாம்.

அடங்காத ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், எங்கேயோ தூர தேசத்தில். மூன்று வருஷத்துக்கு முன்னால் வாங்கிய ஜாக்கெட் அவருக்கு உயிர். அது தேய்ந்துவிடக் கூடாது என்று அதே அளவில் இன்னொன்று வாங்கியிருந்தார். முதலாளியம்மா அவருடைய கடிதத்தை வெட்டு மேசைக்கே கொண்டுவந்து படித்துக் காட்டினார்.

"'நான் தின்று கொழுத்துவிட்டதாக என் மனைவி சொல்கிறாள். இதை நான் ஏற்பதற்கில்லை. என் கல்யாணக் கால்சட்டை இன்றும் எனக்கு ஏறுகிறது. அத்தாட்சிக்குப் படம் இணைத்திருக்கிறேன்.' படத்தைப் பாருங்க மாஸ்டர். நிஜமாவே போட்டு நிக்கறார்."

மெஷின்கள் நின்றன. எல்லோரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டாவது படத்தைப் பார்த்ததும் மாஸ்டர் சிரிப்பை நிறுத்தினார். பழைய ஜாக்கெட்டைத் தரையில் விரித்து, அதன் மேல் புதியதை விரித்து வைத்திருந்தார் அந்த மனுஷன். இரண்டுக்கும் உள்ளே நாற்பது என்றுதான் துணிச்சீட்டு. பழையது எல்லாப் பக்கமும் வெளியே தெரிந்தது.

"மூணு வருஷத்துக்கு முந்தின சாம்பிள் இருக்கா?" என்றார் முதலாளியம்மா.

இருந்தது. கம்பியின் கடைசியில், பிளாஸ்டிக் உறைக்குள். மாஸ்டர் அதை உருவி எடுத்தார். "நாற்பது, கொஞ்சம் இங்க வா."

அவர் ஒட்டிக்கொண்டிருந்த பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்தார். புதுத் தோல் வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே என்று நினைத்தார். நினைத்தபோதே உள்ளுக்குள் லேசான ஒரு விழிப்பு. ஸ்வெட்டரைக் கழற்றினார். கைகளைப் பின்னால் நீட்டினார். மாஸ்டர் ஜாக்கெட்டை ஏற்றிவிட்டு, ஜிப்பை மேலே இழுத்தார். அது எந்தத் தடங்கலும் இல்லாமல் கழுத்துவரை ஓடியது.

தோள் தையல் தோளைவிட்டு இறங்கி புஜத்தில் கிடந்தது. மாஸ்டர் வழக்கம்போல விலாப்பக்கம் கையைவிட்டார். விரல் போயிற்று, உள்ளங்கை போயிற்று, மணிக்கட்டு போயிற்று. அப்புறம்தான் உடம்பு வந்தது.

மாஸ்டர் திரும்பாமலே கையை நீட்டினார். "டேப் குடுங்க."

பட்டறையில் அவர் டேப் கேட்டு யாரும் பார்த்ததில்லை. லைனிங் மேசையில் இப்போது உட்காருகிற பெண் ஓடிவந்து கொடுத்தாள். மாஸ்டர் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, சட்டைக்கு மேல் மார்பைச் சுற்றி அளந்தார். இன்னொரு முறை அளந்தார். முப்பத்தாறு.

"மன்னிச்சுக்குங்க மாஸ்டர்" என்றார் நாற்பது. பட்டறைச் சாமான் எதையோ கை தவறி உடைத்துவிட்டவர் மாதிரி சொன்னார்.

மாஸ்டர் காதில் அது விழவில்லை. அவர் பார்வை இடுப்பில் நின்றது. பெல்ட்டின் நுனி பாதிச் சுற்றுச் சுற்றி முதுகுப்பக்கம் செருகியிருந்தது. அதில் வரிசையாக நான்கு ஓட்டைகள், பட்டறைப் பஞ்ச் கருவியின் அளவில்.

"இது என்ன?"

"பெல்ட் இழுபட்டுப்போச்சு."

"தோலு இப்படி இழுபடுமாய்யா? நாலு ஓட்டைக்கு இழுபடுமா?" என்றார் மாஸ்டர். "ஒவ்வொரு தடவையும் கீழ் விளிம்பு பார்க்க இங்கதானே மண்டி போட்டேன். எம் மூக்குக்கு நேரா இருந்திருக்கு. நான் தோல்காரனைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

முதலாளியம்மா கெட்டவர் இல்லை. அவர் அருகில் வந்து, சாந்தமாகத்தான் சொன்னார். "டாக்டரைப் பாருங்க. ரெண்டு வாரம் லீவு எடுத்துக்குங்க. பேக்கிங் உங்க வேலை, அது எங்கயும் போகாது. சாம்பிளுக்கு மட்டும் இனி நம்ம வேன் டிரைவரைக் கூப்பிட்டுக்கலாம். அவரும் நாற்பதுதான்னு நினைக்கறேன்." பிறகு கடிதம் எழுதியவர்களுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுத உள்ளே போனார்.

நாற்பதுக்கு அது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. பயம். மூன்று வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் உணர்ச்சி அது, அதனால் என்னவென்று கண்டுபிடிக்கவே ஒரு நிமிஷம் பிடித்தது. இனிமேல் யாரும் "அசையாதே" என்று சொல்லமாட்டார்கள். துடைப்பக் கட்டையை வேன் டிரைவர் பிடித்துக்கொண்டு நிற்பார்.

மதியம் எல்லோரும் சாப்பாட்டு டப்பாக்களோடு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்கள். அவர் போகவில்லை, எப்போதுமே போவதில்லை. மாஸ்டரும் போகவில்லை. சுவர்க் கொக்கியிலிருந்து நாற்பதாம் அளவின் முதுகுப்பக்கப் பேட்டர்ன் அட்டைகளை இறக்கினார். ஏழு அட்டை, ஏழு பருவம்: இந்த மூன்று வருஷத்தது ஆறு, அதற்கு முந்தியது ஒன்று. மேலே போட்டிருந்த தொங்கவிடும் ஓட்டையில் ஒரு ஆணியைச் செருகி, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக மேசையில் படுக்க வைத்தார். பெரியது அடியில், சிறியது மேலே. முதுகுத் தையல் பக்கம் ஏழும் சேர்ந்து ஒரே கோடாக நின்றன. விலாப்பக்கம் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கியிருந்தது.

"இங்க வந்து பாரு" என்றார்.

அவர் வந்து பார்த்தார். வெட்டு மேசை வெளிச்சத்தில் அட்டை விளிம்புகள் வரி வரியாகத் தெரிந்தன. கைநுழைகிற வளைவிலும் அப்படியே, தோளிலும் அப்படியே. விரலை அடியிலிருந்த அட்டையின் ஓரத்தில் வைத்து, மேல்நோக்கி நகர்த்தினார். ஒவ்வொரு விளிம்பும் நகத்தில் தட்டியது. அடி அட்டைக்கும் அடுத்ததுக்கும் நடுவில்தான் இருப்பதிலேயே அகலமான வரி. விரல் அங்கே நின்றது.

"இது எப்ப வெட்டினது மாஸ்டர்?"

மாஸ்டர் அந்த இரண்டாவது அட்டையின் மூலையில் பென்சிலில் இருந்த தேதியைப் படித்தார். அவள் போய் நான்காவது மாதம். அன்றைக்கு முதல் முறையாகப் பின்னாலிருந்து குரல் வராமல் அவர் துடைப்பக் கட்டையைப் பிடித்திருந்தார்.

"அவ இருந்திருந்தா முதல் தடவையே கண்டுபிடிச்சிருப்பா" என்றார் மாஸ்டர். "சட்டைக் காலரைப் பார்த்தே சொல்லியிருப்பா. நான் குருட்டுப் பய. உன்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துட்டு உன்னைப் பார்க்கல."

அட்டையில் இவ்வளவு தெளிவாக வெட்டி வைத்திருக்கும் ஒன்று தன் உடம்பில் நடந்திருக்கிறது என்பதை அவரால் ஒத்துக்கொள்ள முடிந்தது. வலிக்கத்தான் இல்லை. அது யாருடைய பேட்டர்னோ போலத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாஸ்டர் கம்பியிலிருந்து இந்தப் பருவத்துச் சாம்பிளை எடுத்துவந்தார். அடர்ந்த பழுப்பு நிறம், சாய்ந்த ஜிப், முதுகில் பட்டை. "இதை இனி விக்கவும் முடியாது, வச்சுக்கவும் முடியாது. உலகத்துல நாற்பதுன்னு சீட்டு ஒட்டின எவனுக்கும் இது சேராது. உனக்கு மட்டும்தான் சேரும். போடு."

போட்டார். மாஸ்டர் பழக்கதோஷத்தில் தோளை ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். இழுப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. இருபது வருஷ வேலையில் மாஸ்டர் வெட்டியதிலேயே சுத்தமான வெட்டு அதுதான் என்று சொல்ல வேண்டும்.

"இப்படியே கிளம்பி உம் பொண்ணு வீட்டுக்குப் போ. ஸ்வெட்டரை இங்கயே வச்சுட்டுப் போ. போன்ல சொல்லாதே. போய் அவ முன்னாடி நில்லு, அது போதும்."

"அவளுக்கு ஷிப்டு இருக்கும் மாஸ்டர்."

"இருந்தா வாசல்ல நில்லு."

இரண்டு பஸ் மாறினார். முதல் பஸ்ஸில் ஒரு கல்லூரிப் பையன் ஜாக்கெட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். "சார், எங்க வாங்கினீங்க? செமையா உக்காந்திருக்கு" என்றான். "தைச்சது" என்று சொன்னார். இரண்டாவது பஸ்ஸில் கூட்டமில்லை. சன்னல் கண்ணாடியில் தெரிந்த ஆளை அவருக்கு அடையாளம் தெரியாமல் இல்லை. ஆனால் கொஞ்ச நேரம் பிடித்தது. கூட்டில் அடைபட்ட பறவை மாதிரி கழுத்து மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

மகளுடைய குடியிருப்பில் லிப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறினார். நடுவில் ஒருமுறை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணியை அடித்தார்.

மகள் இடுப்பில் குழந்தையோடு கதவைத் திறந்தாள். "அப்பா! என்ன இது, சொல்லாம கொள்ளாம..." என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்தினாள்.

அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் அம்மா பார்க்கிற மாதிரியே முதலில் தோள் தையலைப் பார்த்தாள். அது தோளின் முனையில், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பிறகு அக்குள் வெட்டைப் பார்த்தாள், விலாவைப் பார்த்தாள், ஜிப் நேராக விழுந்திருப்பதைப் பார்த்தாள். எங்கேயும் ஒரு சுருக்கம் இல்லை. கனத்த ஸ்வெட்டரும் தொளதொளத்த சட்டையும் மூன்று வருஷமாக மறைத்து வைத்திருந்த ஆளை அந்த ஜாக்கெட் அப்படியே வரைந்து காட்டிக்கொண்டிருந்தது. குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டாள். அருகில் வந்து காலரைப் பின்பக்கம் மடக்கி, உள்ளே தைத்திருந்த துணிச்சீட்டைப் படித்தாள்.

"நாற்பதுன்னு போட்டிருக்கு."

அவர் தலையாட்டினார்.

"இது நாற்பதா அப்பா?"

அந்த வீட்டில் சமையல் நடந்துகொண்டிருந்தது போலிருக்கிறது. உள்ளே எதிலோ மூடி தடதடத்துக்கொண்டிருந்தது. மகளின் கை காலரிலிருந்து இறங்கி, முதுகு எலும்பு வழியாக மெதுவாகப் போயிற்று, ஒவ்வொரு கணுவாக.

"சாப்பிட்டீங்களா அப்பா?"

பதில் தயாராக இருந்தது. நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. அவர் மகளைப் பார்த்தார். அவள் கண்கள் நிறைந்து நின்றன, ஆனாலும் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"இல்லம்மா" என்றார்.

"இன்னிக்கா?"

"இல்ல. ரொம்ப நாளாவே."

சொன்னபிறகுதான் அந்த அழுகை வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி நெஞ்சுக்கு ஏறி, அங்கே முட்டிக்கொண்டு நின்றது. மாஸ்டர் அந்த உடம்புக்கு ஒரு நூல்கூடக் கூடுதலாக விடவில்லை. நெஞ்சு விம்ம அதில் இடமே இல்லை. அவர் மூச்சுக்குத் திணறினார். கை ஜிப்பைத் தேடித் தடவியது, கிடைக்கவில்லை.

மகள் அதைப் பிடித்துக் கீழே வரை இறக்கிவிட்டாள்.